பிறர் கைவிட்ட பாதையும் தொண்டர்களின் கைகளும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தன்னார்வத் தொண்டு என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். இப்பொருளை நம்மிடையே பேசுவது எளிதன்று. கூலியில்லாத உழைப்பு என்றவுடன் நம் பெரியோர்களின் நெஞ்சில் முதலில் எழும் சொல் வெட்டி என்பதே. ஊரார் ஏவிய வேலையை இரவென்றும் பகலென்றும் பாராமல் செய்து முடித்து, கூலி கேட்டவிடத்து வசவும் அடியும் பெற்ற தலைமுறைகளின் மக்கள் நாம். 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டம் தன் 23ஆம் பிரிவில் அத்தகைய கட்டாய உழைப்பைத் தடை செய்து, அதனைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆக்கிற்று. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. இவ்வளவு பாடுபட்டு அறுத்த கயிற்றை மீண்டும் ஏன் கழுத்தில் மாட்டிக் கொள்ள வேண்டும் என்று நம் இளைஞன் ஒருவன் கேட்பானாகில், அவன் கேட்பது நியாயமே. அக்கேள்விக்கு விடை சொல்லாமல் தொண்டின் பெருமையைப் பேசுவது நேர்மையாகாது.

விடை தேடி உங்களைச் சற்றுத் தொலைவிற்கு அழைத்துச் செல்கிறேன். நாம் காணப்போவது வேல்ஸ் நாட்டின் மலைகளில் ஓடும் இரண்டு சிறிய நீராவி இரயில்கள். நம் உதகை மலை இரயில் அரசுக்குச் சொந்தமானது. அதில் பணிபுரிவோர் ஊதியம் பெறும் ஊழியர்கள். நான் சொல்லப்போகும் இரயில்களை அழிவிலிருந்து மீட்டவர்களோ ஊதியம் பெறாத பொதுமக்கள்.

பிரிட்டன் தீவின் மேற்குப் பகுதியில் உள்ளது வேல்ஸ். பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகும் சிலேட்டு இருக்கிறதல்லவா, அந்தக் கல் அம்மலைகளில் அடுக்கடுக்காக ஏடு பிரிவது போலக் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வீடுகளுக்குக் கூரை வேய அக்கல் பெருமளவில் வெட்டப்பட்டது. வெட்டிய கல்லை மலையிலிருந்து இறக்கக் குறுகிய இருப்புப் பாதைகள் போடப்பட்டன. அவற்றுள் ஒன்று டாலிலின் இரயில்வே. பிரின் எக்லுயிஸ் என்னும் குவாரியின் கல்லை டவின் என்னும் கடற்கரை ஊருக்குக் கொண்டு வருவதற்காக அது 1865இல் அமைந்தது. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 2 அடி 3 அங்குலந்தான். நம் அகலப் பாதையோ 5 அடி 6 அங்குலம். எனவே அது எத்துணைச் சிறிய இரயில் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

1911இல் அக்குவாரியையும் இரயிலையும் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் விலைக்கு வாங்கினார். 1946இல் குவாரி மூடப்பட்டது. கல் இல்லையென்றால் இரயிலுக்கு வருவாய் ஏது? ஆயினும் தாம் உயிரோடு இருக்கும் வரையில் வண்டி ஓடும் என்று அவர் உறுதி கூறி, அவ்வாறே நடத்தியும் வந்தார். 1948இல் பிரிட்டனின் இரயில்கள் அரசுடைமையான பொழுது இச்சிறு பாதையை அரசு எடுத்துக் கொள்ளவில்லை. 1950 ஜூலையில் அப்பெரியவர் மறைந்தார். ஒரு மனிதரின் மூச்சோடு பிணைக்கப்பட்டிருந்த அந்த இரயிலும் அவரோடு முடிந்துவிடும் என்றே எல்லாரும் எண்ணினர்.

அப்பொழுது முன்வந்தவர் எல்.டி.சி. ரோல்ட் என்னும் எழுத்தாளர். எந்திரத் தொழில் பயின்றவர். 1950 அக்டோபர் 11ஆம் நாள் பர்மிங்ஹாம் நகரில் ஒரு பொதுக்கூட்டம் கூடிற்று. வந்தவர்கள் ஏறத்தாழ 70 பேர். அவர்கள் ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். ஹேடன் ஜோன்ஸின் துணைவியார் இரயில் கம்பெனியின் பங்குகளைச் சங்கத்தின் பொறுப்பில் ஒப்படைத்தார். பழைய மேலாளர் எட்வர்டு தாமஸ் அவர்களுக்குத் துணை நின்றார். 1951 மே 14ஆம் நாள் சங்கத்தின் முதல் வண்டி டவினிலிருந்து புறப்பட்டது. பொதுமக்கள் கூடித் தொண்டு செய்து காப்பாற்றிய இரயில் என்னும் சிறப்பு உலகில் முதன்முதலாக அதற்கே கிடைத்தது.

முதல் வண்டி புறப்பட்டதோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் கைக்கு வந்த சொத்து எந்நிலையில் இருந்தது தெரியுமா? கட்டைகள் மக்கிப் போயிருந்தன. புல்லும் புதரும் தண்டவாளத்தை மூடியிருந்தன. அப்புல்லின் வேர்தான் தண்டவாளத்தை விலகாமல் பிடித்துக் கொண்டிருந்தது என்று சொல்லும் அளவிற்கு அது இருந்தது. எஞ்சின்கள் இரண்டு, அவற்றுள் ஓடும் நிலையில் இருந்தது ஒன்றே. 1866இல் செய்யப்பட்ட டால்காக் என்னும் அந்த எஞ்சினுக்கு அப்பொழுதே வயது 85. அருகில் 1948இல் மூடப்பட்ட காரிஸ் என்னும் மற்றோர் இரயிலின் இரு எஞ்சின்கள் கேட்பாரற்று நின்றன. அகலமும் அதே 2 அடி 3 அங்குலம். ஒவ்வொன்றையும் 25 பவுன் விலை கொடுத்துச் சங்கத்தார் வாங்கினார்கள். ஒன்றிற்குப் பழைய மேலாளர் எட்வர்டு தாமஸின் பெயரையே சூட்டினார்கள். அதனை ஓடவைக்கும் பொறுப்பை ஹன்ஸ்லெட் எஞ்சின் தொழிற்சாலை விலையின்றி ஏற்றுச் செய்து கொடுத்தது.

வார இறுதியிலும் விடுமுறையிலும் வேலைக்கு வந்தவர்கள் எழுத்தர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், மெக்கானிக்குகள் எனப் பலதரப்பட்டவர்கள். தாமஸ் என்னும் சிறுவர்களுக்கான எஞ்சின் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி அவர்கள் 1952இல் அங்கே வந்து கார்டாகப் பணி செய்தார். ஒரு நாள் சிற்றுண்டி விற்கும் அம்மையார் வண்டியில் ஏறிவிட்டாரா என்று பாராமல் பச்சைக் கொடி காட்டிவிட்டார். அம்மையார் நிலையத்திலேயே நின்றுவிட்டார்! அந்நிகழ்ச்சியை அவர் மறைக்கவில்லை. அதையே பின்னர் ஒரு கதையாகவும் எழுதினார்.

இளைஞர்களே, நீராவி எஞ்சின் என்பது பார்ப்பதற்கு அழகானது. பராமரிப்பதற்கு மிகக் கடினமானது. காலை வண்டிக்கு விடியுமுன்னரே எழுந்து நெருப்பு மூட்ட வேண்டும். கொதிகலன் மெல்ல மெல்லச் சூடேற வேண்டும். அவசரப்பட்டால் இரும்பு சமச்சீராக விரியாமல் இணைப்புகளில் கசிவு ஏற்படும். உள்ளே நீர்மட்டத்தைக் கண்ணாடிக் குழாய் வழியே இடைவிடாது கவனிக்க வேண்டும். நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டை விட்டு நீர் இறங்கிவிட்டால் பெரும் விபத்து நேரும். அவ்வாறு நேருமுன் எச்சரிப்பதற்கென்றே அத்தகட்டில் ஈயம் நிரப்பிய செருகி ஒன்று பொருத்தியிருப்பார்கள். நீர் குறைந்தால் ஈயம் உருகி, நீராவி பீறிட்டு நெருப்பின் மேல் பாயும். மாலையில் சாம்பல் அள்ள வேண்டும். குறித்த கால இடைவெளியில் கொதிகலனைக் குளிரவிட்டு, உள்ளே படிந்த சுண்ணாம்பையும் சேற்றையும் கழுவ வேண்டும். சில ஆண்டுகளுக்கொரு முறை எஞ்சினையே பிரித்துக் கொதிகலனைச் சோதிக்க வேண்டும். பாதைக்கும் இவ்வாறே. மக்கிய கட்டையை மாற்றி, ஜல்லியை இடித்துக் கெட்டித்து, மழைநீர் தேங்காமல் வாய்க்கால் தூர்வார வேண்டும். இவற்றுள் எதற்கும் மாலை போடுவார் இல்லை. படம் எடுப்பார் இல்லை. ஆனால் ஒன்று தவறினாலும் வண்டி நிற்கும்.

இனி, இரண்டாவது இரயிலுக்கு வருவோம். ஃபெஸ்டினியோக் இரயில்வே என்பது அதன் பெயர். 1832இல் பாராளுமன்றச் சட்டம் பெற்று 1836இல் ஓடத் தொடங்கிற்று. பிளைனை ஃபெஸ்டினியோக் என்னும் மலையூரிலிருந்து போர்த்மாடாக் துறைமுகம் வரை பாதை முழுதும் இறக்கம். கல் ஏற்றிய வண்டிகள் தம் எடையாலேயே உருண்டு இறங்கும். காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துச் செல்லும். இறங்கும்போது அக்குதிரைகளும் தமக்கென அமைந்த பெட்டியில் நின்று பயணம் செய்யும்! 1863இல் நீராவி எஞ்சின் வந்தது. 1946இல் அவ்விரயிலும் மூடப்பட்டது. 1954இல் ஆலன் பெக்லர் என்பவர் கம்பெனியின் பொறுப்பைப் பெற்றுத் தொண்டர் சங்கத்தோடு இணைந்து உழைக்க, 1955இல் கடலோரக் கரையின் மேல் மீண்டும் பயணிகள் வண்டி ஓடிற்று.

ஆனால் பாதையின் மேற்பகுதிக்குப் பேரிடர் வந்தது. மின் உற்பத்திக்காக அரசு நிறுவனம் அமைத்த நீர்த்தேக்கத்தில் பழைய தண்டவாளம் மூழ்கிவிட்டது. 1963இல் மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. இழப்பீட்டிற்கான வழக்கு பல்லாண்டுகள் நடந்து 1970களின் தொடக்கத்தில்தான் முடிவுற்றது. வழக்கு முடியட்டும் என்று தொண்டர்கள் கைகட்டி இருந்தார்களா? இல்லை. 1965 ஜனவரி 2ஆம் நாள் மண்வெட்டியும் கடப்பாரையும் தள்ளுவண்டியும் கொண்டு மலைச்சரிவில் புதிய பாதை வெட்டத் தொடங்கினார்கள். நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போக வேண்டும்; அதற்கு ஏற்றவாறு உயரமும் ஏற வேண்டும். எனவே தியால்ட் என்னும் இடத்தில் பாதையைச் சுருளாக வளைத்து, தன் மேலேயே பாலத்தில் கடந்து செல்லுமாறு அமைத்தார்கள். பிரிட்டனில் பொதுமக்கள் பயணம் செய்யும் இருப்புப் பாதைகளில் இத்தகைய சுருள் வேறெங்கும் இல்லை.

மழைக்குப் பேர்போன அம்மலையில் 2½ மைல் நீளமுள்ள மாற்றுப் பாதை அமைந்தது. இடையில் ஒரு குகைவழி தேவைப்பட்டது. பாறையைக் குடைந்து குகை அமைப்பது ஆர்வம் மட்டும் கொண்டு செய்யக்கூடிய வேலையன்று. அதற்குச் சுரங்கத் தொழில் அறிந்தவர்களை ஊதியம் கொடுத்து அமர்த்தினார்கள். 1978இல் வண்டி டானகிரிசியை வரை சென்றது. 1982 மே 25ஆம் நாள் மலையூரான பிளைனை ஃபெஸ்டினியோக்கை மீண்டும் அடைந்தது. 1965இல் கல்லூரி மாணவனாக மண் சுமந்தவன் 1982இல் நடுவயதை நெருங்கியிருப்பான். பதினேழு ஆண்டுகள்! நம் சங்கத்தின் 25 ஆண்டு வரலாற்றை அறிந்தவர்களுக்குப் பதினேழு ஆண்டு உழைப்பு என்பதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்பொழுது நம் முதல் கேள்விக்குத் திரும்புவோம். இவ்வளவும் கூலியில்லாத உழைப்புத்தானே? நம் முன்னோர் செய்த வெட்டிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தமிழில் தொண்டு என்னும் சொல்லுக்கே அடிமைத்தனம் என்னும் பொருளும் உண்டு, விரும்பிச் செய்யும் பணி என்னும் பொருளும் உண்டு. ஒரே சொல்லில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. எனவே கண்ணை மூடிக்கொண்டு தொண்டு நல்லது என்று சொல்லிவிட முடியாது; எத்தகைய தொண்டு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்க்குங்கால் நான்கு வேறுபாடுகளை நான் காண்கிறேன்.

முதலாவது, வருவதும் போவதும் அவனவன் விருப்பம். வராதவனை யாரும் ஊர்விலக்கம் செய்யவில்லை. இரண்டாவது, அவன் சங்கத்தின் உறுப்பினன். நிருவாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை உடையவன்; கணக்கைக் கேட்கும் உரிமையும் உடையவன். வெட்டி செய்தவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை ஏது? மூன்றாவது, வேலை பிறப்பால் பிரிக்கப்படவில்லை. எஞ்சின் ஓட்ட விரும்புகிறவன் முதலில் எஞ்சின் துடைப்பவனாகச் சேருகிறான். சாம்பலும் எண்ணெயும் பூசிய கைகளோடு பல நாள் உழைத்து, பயிற்சியும் தேர்வும் முடித்து ஃபயர்மேன் ஆகிறான், பின்னரே ஓட்டுநர். அலுவலகத்தில் மேலதிகாரியாக இருப்பவரும் இங்கே சாம்பல் அள்ளியே தொடங்க வேண்டும். துடைக்கும் வேலையில் சேர்ந்தவனை ஆயுள் முழுதும் துடைப்பவனாகவே வைத்திருக்கும் ஏற்பாடு அங்கே இல்லை. அவன் மகனுக்கும் அதே வேலை என்று எழுதி வைக்கவும் இல்லை.

நான்காவது, விதி அனைவருக்கும் ஒன்று. ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் மோதாமல் இருக்க டோக்கன் என்னும் அடையாளக் கோலைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பகுதிக்குரிய டோக்கன் கைக்கு வந்தாலன்றி ஓட்டுநர் அப்பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாகாது. சங்கத் தலைவரே வண்டியில் அமர்ந்திருந்தாலும் டோக்கன் இல்லையேல் வண்டி நகராது. தொண்டுதானே, சம்பளமா வாங்குகிறேன், கொஞ்சம் தாமதமானால் என்ன என்று அங்கே எவரும் சொல்ல முடியாது. ஏனெனில் பெட்டிகளில் குழந்தைகள் அமர்ந்திருக்கிறார்கள்.

அவ்வாறாயினும் மற்றொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தொண்டர்கள் பெரும்பாலும் நிலையான வேலையும் வருவாயும் உடையவர்கள். அந்நாட்டில் 1938இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் வந்திருந்தது. வயிறு நிறைந்திருந்தது, வார இறுதி அவர்களுடையதாக இருந்தது. அதனால் கையை இலவசமாகக் கொடுக்க முடிந்தது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? அன்றாடக் கூலியை நம்பி வாழும் நம் உறுப்பினர் ஒருவரை ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுச் சங்கப் பணிக்கு வரச் சொல்வது முறையன்று. அவ்வாறு அழைத்தால் அவருடைய கூலியைச் சங்கம் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளமும் ஞாயிறு விடுமுறையும் உடைய எங்களைப் போன்றோர்தாம் கூலியின்றி முதலில் கைகொடுக்க வேண்டியவர்கள். தொழில் அறிந்தவர் செய்ய வேண்டியதற்கு அவர்கள் ஊதியம் கொடுத்தது போல, கட்டடத்திற்குக் கொத்தனாரையும் மின் இணைப்பிற்கு எலக்ட்ரீசியனையும் ஊதியம் கொடுத்தே அழைக்க வேண்டும். நம்மவர் என்பதற்காக ஒருவரிடம் இலவசமாக வேலை வாங்குவது, பழைய வெட்டியைப் புதிய பெயரில் கொண்டு வருவதாகும்.

அம்மலைகளில் தொண்டர்களுக்கு முன்னரே உழைத்தவர்களையும் மறத்தலாகாது. கல் வெட்டியவர்கள் ஏழைத் தொழிலாளர்கள். அவர்கள் நுரையீரலில் கல்தூசு படிந்தது. ஆயினும் 1884இல் வடக்கு வேல்ஸில் பாங்கர் நகரில் பல்கலைக் கல்லூரி தொடங்கப்பட்டபோது, குவாரித் தொழிலாளர்கள் தம் வாரக் கூலியிலிருந்து சிறு தொகைகளைச் சேர்த்து அதற்கு நன்கொடை அளித்தனர். தாம் நுழையப் போவதில்லை என்று அறிந்தும் தம் மக்களுக்காகக் கதவு திறந்து வைத்தவர்கள் அவர்கள். கைப்பிடி அரிசியும் கால் ரூபாயும் சேர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த நம் தாய்மார்களுக்கு அவர்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர்கள் உறவினர் போன்றவர்களே.

இன்றைய நிலையையும் சொல்கிறேன். 2021இல் வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இவ்விரு இரயில்களும் அதில் அடங்கும். புகழ் வந்தது, தொல்லைகள் நீங்கவில்லை. வேல்ஸில் இறுதியாக எஞ்சியிருந்த பெரிய திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் 2023 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திற்று. அதனால் நீராவி எஞ்சின்களுக்கு ஏற்ற எரிபொருளை வேறிடங்களிலிருந்து தேட வேண்டியுள்ளது. 1950களில் வந்த இளைஞர்கள் முதியவர்களாகி மறைந்து வருகிறார்கள். எனவே புதியவர்களுக்குக் கற்றுக் கொடுப்பதே இன்று அவர்களின் தலையாய பணி. கொதிகலனைக் காக்கும் கைத்திறனை ஏட்டில் எழுதி வைத்தால் போதாது. ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு அது மாற வேண்டும்.

அன்பார்ந்த இளைஞர்களே, ஹேடன் ஜோன்ஸ் நல்லவர். ஆனால் அவர் ஒருவர்மேல் அந்த இரயில் நின்றது. அவர் போனதும் அது நின்றுவிட இருந்தது. எழுபது பேர் கூடி அதனைச் சங்கத்தின் பொறுப்பாக்கியதால் ரோல்ட் போன பின்னும் இரயில் நிற்கவில்லை. நம் சங்கத்தைத் தொடங்கிய பெரியோர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. இருப்போரும் முதுமையடைந்து வருகிறார்கள். அவர்கள் கையிலுள்ள டோக்கனைப் பெற்றுக்கொள்ள யார் முன்வருகிறார்கள்? மேடைக்கு வருவோர் பலர். நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டவும், இரவுப் பாட வகுப்பிற்கு நேரந்தவறாமல் வரவும், வரவு செலவுக் கணக்கை வாரந்தோறும் எழுதவும், மழைக்கு முன் விடுதிக் கூரையின் ஓட்டைப் பார்க்கவும் நமக்கு ஆட்கள் வேண்டும்.

இவற்றுள் ஏதேனும் ஒன்றை, ஒரே ஒன்றை, உங்களுள் ஒவ்வொருவரும் தேர்ந்தெடுங்கள். எவருடைய ஏவலுக்காகவும் வேண்டாம். வாக்குரிமையோடும் கணக்குக் கேட்கும் உரிமையோடும் வாருங்கள். வந்தபின் நேரந்தவறாதீர்கள், ஏனெனில் நம் வண்டியிலும் குழந்தைகள் அமர்ந்திருக்கிறார்கள்.